அவருக்கு ஏது எஸ்டேட்?

2 மார்ச் 2025, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

எஸ்டேட் என்றால் தோட்டம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அப்படியிருக்க, மலேசியத் தமிழர்களாகிய நாம் 'எஸ்டேட்டில் பிறந்தேன்', 'எஸ்டேட்டில் படித்தேன்' என்று ஏன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்? நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது ஆங்கிலச் சொல்லைத் தூக்கித் திரிவது சோம்பலன்றி வேறென்ன?

2 மார்ச், இரவு

சந்தேகத்துக்கு இடமுண்டு. என் மேசைமேல் ஒரு வங்கிக் கடிதம் கிடக்கிறது. சென்ற அக்டோபரில் காலமான என் தந்தையாரின் பெயருக்கு முன்னால், 'இன்னாரின் எஸ்டேட்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை அச்சிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் வந்த அன்று அம்மா என்னை அதைப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் முதல் வரியைப் படித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார். 'அவருக்கு ஏதுப்பா எஸ்டேட்டு?' என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலை உளியும் வாளியுமாக ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்த மனிதர் அவர். பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இரண்டு தோட்டங்களின் செக்ரோலில், அதாவது ஆள்வருகைப் பதிவேட்டில், அவர் பெயர் இருந்தது. எந்தத் தோட்டத்தின் உரிமைப் பத்திரத்திலும் அவர் பெயர் இருந்ததில்லை.

வாசகர் சொல்வதுபோல் இந்த இடத்தில் 'தோட்டம்' என்று மாற்றிப் பாருங்கள். 'காலஞ்சென்ற இன்னாரின் தோட்டத்துக்கு, வணக்கம்' என்று வருகிறது. அம்மாவின் கேள்விதான் சரியான விமரிசனம்.

3 மார்ச்

நேற்று அவசரத்தில் எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் 'நிற்றல்' என்னும் பொருளுடைய வினை. அதிலிருந்து 'ஸ்டேட்டஸ்' என்ற பெயர்ச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 'எஸ்டேட்' ஆக வந்தது. அரசைக் குறிக்கும் 'ஸ்டேட்' என்பதும் அதே வயிற்றில் பிறந்த உடன்பிறப்புத்தான். தமிழில் 'நில்' என்பதிலிருந்து 'நிலை' வந்ததைப் போன்றது இது. முதலில் அச்சொல் நிலத்தையோ சொத்தையோ குறிக்கவில்லை. ஒருவர் இருக்கும் நிலையையே குறித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் திருமணச் சடங்கில், திருமணத்தைப் புனிதமான எஸ்டேட் என்று பாதிரியார் அழைப்பது இந்தப் பழம்பொருளில்தான். ஆங்கிலம் அறிந்த ஒரு நண்பரின் மகள் திருமணத்தில் அதைக் கேட்டபோது, மணமகனுக்கு மாமனார் ரப்பர் நிலம் எழுதிவைத்திருக்கிறார் போலும் என்று என் பக்கத்தில் இருந்தவர் கிசுகிசுத்தார்.

ஒருவர் நிற்கும் நிலையை அவர் வைத்திருக்கும் நிலத்தைக் கொண்டே அளந்த சமூகத்தில், நிலையைக் குறித்த சொல் மெல்ல நிலத்தைக் குறிக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. பின்னர் அது நிலத்தோடும் நிற்காமல், ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் வீடு, வங்கிக் கணக்கு, மோட்டார் சைக்கிள், அடைக்காத கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. வங்கிக் கடிதத்தில் இருப்பது இந்தப் பொருள். அதாவது, அந்தச் சொல்லின்படி எஸ்டேட் இல்லாதவர் யாருமில்லை. ஆனால் செத்த பிறகுதான் கிடைக்கும்.

பழைய பொருளின் இன்னொரு எச்சம் பத்திரிகைத் துறையில் இருக்கிறது. 1789 மே மாதம் வெர்சாயில் பிரெஞ்சு மன்னர் கூட்டிய பேரவையில் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று எஸ்டேட்டுகள் அமர்ந்திருந்தன. சமூகத்தின் மூன்று நிலைகள் என்று பொருள். அந்த வரிசையில் பத்திரிகையாளர்களை நான்காவது எஸ்டேட் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்கள். நம் ஏடுகள் அதை 'நான்காவது தூண்' ஆக்கிவிட்டன. சட்டமன்றம், நிருவாகம், நீதித்துறை ஆகியவை மற்ற மூன்று தூண்கள் என்று கணக்குச் சொல்கின்றன. எண்ணிக்கை நான்கு என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. பாதிரியாரும் பிரபுவும் போய் நீதிபதியும் அமைச்சரும் வந்தது எப்போது என்று எந்த ஆசிரியரும் விளக்கியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் தமிழில் தூண் நன்றாகவே நிற்கிறது, இடிக்க வேண்டியதில்லை.

3 மார்ச், சற்றுப் பிறகு

ஒன்றை விட்டுவிட்டேன். பின்பக்கம் நீண்டு, சாமான் ஏற்ற இடம் வைத்த காரையும் இங்கிலாந்தில் எஸ்டேட் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே அங்கே ஒருவர் எஸ்டேட் வாங்கினேன் என்றால் உடனே அவரிடம் கடன் கேட்டுவிடக் கூடாது. இங்கே அத்தகைய கார்களை வேகன் என்போம்.

5 மார்ச்

இப்போது நம் ஊர் வழக்குக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வி அதைப் பற்றியது. நான் பிறந்து பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அங்கே 'எஸ்டேட்' என்ற சொல் இல்லாமல் இல்லை; ஆனால் அதை எல்லாவற்றுக்கும் ஒட்டுவதில்லை என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் கவனிக்கிறேன். தோட்டத்துக் கோயில், தோட்டத்துப் பள்ளி, தோட்டத்துத் திருவிழா, தோட்டத்து ஆள், தோட்டத்துப் பெண் என்பார்கள். எஸ்டேட் ஆபிஸ், எஸ்டேட் லாரி, எஸ்டேட் வீடு, எஸ்டேட் டிராக்டர் என்பார்கள். எங்கள் மாரியம்மனை யாரும் எஸ்டேட் மாரியம்மன் என்று அழைத்துக் கேட்டதில்லை. லாரியைத் தோட்டத்து லாரி என்று சொன்னால் ஒரு பிழையும் இல்லை, ஆனால் சொல்ல மாட்டார்கள். மக்கள் தங்களுடையதாக நினைத்தவற்றுக்குத் தமிழ்ச் சொல்லும், கம்பெனியுடையதாக அறிந்தவற்றுக்கு ஆங்கிலச் சொல்லும் ஒட்டிக்கொண்டன என்று எனக்குத் தோன்றுகிறது. வாசகர் சோம்பல் என்று அழைத்தது ஒருவேளை மிகவும் கூர்மையான ஒரு கணக்காக இருக்கலாம்.

வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் குடியிருந்து, முன்னால் முருங்கையும் பின்னால் கோழிக்கூடும் வைத்து, மூன்று பிள்ளைகளைப் பெற்ற வீட்டையும் என் பெற்றோர் 'எஸ்டேட் வீடு' என்றே சொன்னார்கள். வேலை போனால் அந்த வீடும் போகும் என்பது சொல்லிலேயே இருந்தது.

6 மார்ச்

நேற்றைய என் விதியில் ஓட்டை இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் மருத்துவமனையை 'தோட்டத்து ஆஸ்பத்திரி' என்றும் 'எஸ்டேட் ஆஸ்பத்திரி' என்றும் இரு விதமாகவும் சொன்னார்கள். அதைக் கட்டியது கம்பெனி, அங்கே பிறந்தது நாங்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டே போனால் எந்த விதியையும் காப்பாற்றிவிடலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கும் கள்ளுக்கடைக்கும் முன்னொட்டே கிடையாது, ஒன்றுக்கு மேல் இருந்தால்தானே எந்தத் தோட்டத்து என்று கேட்பதற்கு. பெரிய துரை (மேலாளர்), சின்னத் துரை (உதவி மேலாளர்), கிராணி (எழுத்தர்), மண்டோர், கங்காணி (வேலையாட்களை மேற்பார்ப்பவர்கள்) எவருக்கும் எந்த முன்னொட்டும் தேவைப்படவில்லை.

தைப்பிங்கில் இருக்கும் என் மூத்த சகோதரி இதைப் படித்துவிட்டு இன்னொரு திருத்தம் சொன்னார். அவர் வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில் நிலம் கைமாறியபோது, அதுவரை எல்லாரும் தோட்டத்துக் கோயில் என்று சொல்லிவந்ததை, 'எஸ்டேட் நிலத்தில் உள்ள கோயில்' என்று கோயில் தலைவரே கூட்டத்தில் சொன்னாராம். பேச்சுவார்த்தை முடிந்து கோயிலுக்கு வேறு இடம் கிடைத்த பிறகு மீண்டும் தோட்டத்துக் கோயில் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கோயில் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு மரம் கிடையாது. ஆகவே என் விதியை முழுவதும் கைவிட வேண்டாம் என்று முடிவு செய்கிறேன்.

9 மார்ச்

தமிழ்நாட்டு உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் தந்தையார் எஸ்டேட்டில் வேலை செய்தவர் என்று சொன்னேன். 'எந்தக் கம்பெனி, என்ன தயாரிப்பு?' என்று கேட்டார். அவர் சென்னை அம்பத்தூரில் குடியிருப்பவர். அங்கே எஸ்டேட் என்றால் தொழிற்சாலைகள் நெருக்கமாக அமைந்த தொழிற்பேட்டை; பேருந்தே அம்பத்தூர் எஸ்டேட் என்று பலகை மாட்டிக்கொண்டு போகும். ரப்பர் என்று நான் விளக்கியதும், 'டயர் கம்பெனியா?' என்றார். தந்தையார் சிரித்துக்கொண்டே, 'டயருக்கு முந்தின கம்பெனி' என்று பதில் சொன்னார்.

தமிழ்நாட்டிலேயே வால்பாறையிலும் நீலகிரியிலும் கேட்டால் எஸ்டேட் தேயிலைக்குப் போய்விடும். பழைய சென்னை மாகாணச் சட்டங்களிலோ அது ஜமீன். 1908இல் வந்த எஸ்டேட் நிலச் சட்டமும், 1948இல் ஜமீன் முறையை ஒழித்த சட்டமும் அந்தப் பொருளில்தான் இச்சொல்லை ஆண்டன. இன்றைய பேச்சில் ரியல் எஸ்டேட் என்றால் மனை விற்பவர். ஒரே தமிழ், ஒரே சொல், நான்கு பொருள்கள். இவற்றில் எதையும் 'தோட்டம்' என்று பெயர்த்தால் சரியாக அமைவது வால்பாறையில் மட்டும்தான்.

10 மார்ச்

'தோட்டம்' என்பதே நம்மிடம் வந்து மாறிய சொல் அல்லவா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கத்தரியும் மல்லிகையும் வளரும் இடம் தோட்டம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே மரத்தை நிரை நிரையாக நட்டு, கணக்கெழுத ஆபிஸ் வைத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடத்தும் இடத்துக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? பொருந்தாமல்தான் பொருந்தியது.

எனக்கு இது சிறுவயதிலேயே இடறியது. லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கிறித்தவப் பெரியவர் ஏதேன் தோட்டத்துக் கதையைச் சொன்னபோது, நான் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆதாமையும் ஏவாளையும் நிறுத்திப் பார்த்தேன். அங்கே துரை யார் என்று கேட்டேன். ஆண்டவர்தான் துரை என்றார் பெரியவர். அவர்கள் தவறு செய்ததும் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்ற இடத்தில் எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த நடைமுறைதான்.

சொல்லப்போனால் மலாயாவில் ரப்பரும் எஸ்டேட்டில் தொடங்கவில்லை. 1877இல், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோலகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் மாளிகை வளாகத்தில் ஒன்பது கன்றுகள் நடப்பட்டன. அது உண்மையான பொருளில் தோட்டம்.

10 மார்ச், இரவு

மலாய்ச் சொல்லையும் பார்த்துவிடலாம். நம் தோட்டங்களைக் குறிக்க இன்று அரசாங்கம் ஆளும் 'லாடாங்' என்னும் சொல், பழைய வழக்கில் காட்டை வெட்டி எரித்து மேட்டு நெல் விதைத்த நிலத்தைக் குறித்தது. நீர் தேங்கும் வயலுக்கு 'சாவா', மேட்டு நிலத்துக்கு 'லாடாங்'. ஆக மலாயும் தன் சிறிய சொல் ஒன்றை எடுத்துத்தான் இந்தப் பெரிய பொருளுக்கு நீட்டியது. 'எஸ்டெட்' என்றும் மலாய் அகராதியில் உண்டு. 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று தமிழிலும் 'லாடாங்' என்று மலாயிலும் பெயர்ப்பலகை மாட்டிய பள்ளிகள் பல இன்று தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டன. பெயர் மட்டும் கூடவே வந்திருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் அத்தகைய பள்ளியைத் தேடிப் புறப்பட்டால் செம்பனைக் காட்டுக்குள் போய்த் திரும்பி வருவார்.

குடியிருப்புப் பகுதிகளையும் ஆங்கிலத்தில் ஹவுசிங் எஸ்டேட் என்கிறார்கள். மலேசியாவில் அவற்றுக்குத் 'தாமான்' என்று பெயர் வைத்தார்கள். தாமான் என்றால் மலாயில் பூந்தோட்டம். தந்தையார் 1995இல் ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தில் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மலிவு விலை வீட்டை வாங்கி, லயத்தைக் காலி செய்துகொண்டு வந்தது ஒரு தாமானுக்கு. ஆங்கிலத்தில் பார்த்தால் ஓர் எஸ்டேட்டிலிருந்து இன்னோர் எஸ்டேட்டுக்கு. தமிழிலும் மலாயிலும் பார்த்தால் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு. வந்து சேர்ந்த இடத்தில் பூச்செடி வைக்கக்கூட மண் இல்லை. வாசலிலிருந்து சாக்கடைவரை சிமெண்டு. அம்மா பழைய பெயிண்டு வாளிகளில் கற்பூரவல்லி வளர்க்கிறார்.

14 மார்ச்

எத்தனை ஏக்கர் இருந்தால் எஸ்டேட் என்று கேட்டவருக்கு: புள்ளிவிவரங்களில் நெடுங்காலமாக 100 ஏக்கர்தான் எல்லைக்கோடு, அதற்குக் கீழ் இருந்தால் சிறுதோட்டம். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவும், ஒன்றோடொன்று ஒட்டிய 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலத்தையே எஸ்டேட் நிலம் என்று வரையறுத்து, எஸ்டேட் நில வாரியத்தின் அனுமதியில்லாமல் அதைக் கைமாற்றக் கூடாது என்கிறது. நாற்பது ஹெக்டேர் என்பது ஏறக்குறைய அதே நூறு ஏக்கர். கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தின் தழும்பு இந்தப் பிரிவில் தெரிகிறது. 'துண்டாடல்' என்ற சொல்லை என் தந்தையாரின் வயதுடையவர்கள் நோயின் பெயரைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

17 ஏப்ரல்

ஒரு மாதம் எழுத முடியவில்லை. நேற்று கோலகங்சார் நில அலுவலகத்தில் தந்தையாரின் சொத்து விசாரணை. எங்கள் ஊர் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கேதான் போக வேண்டும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, விட்டுச் சென்றவற்றில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பும் சட்டம் சொல்லும் வரம்புக்குள் அடங்கினால், நீதிமன்றம் போகாமல் நில அலுவலகத்திலேயே பங்கிட்டுக்கொள்ளலாம். 1955ஆம் ஆண்டின் சிறு எஸ்டேட் பகிர்வுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. முன்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்த வரம்பு, 2024 ஜூலை முதல் 50 லட்சம் ஆகியிருக்கிறது. தந்தையார் விட்டுச்சென்றது ஒரு மலிவு வீடும் வங்கியில் நான்காயிரம் சொச்சமும். சட்டத்தின் 'சிறு' என்பதற்குள் அது எந்த மூலையில் கிடந்தது என்று தேடத்தான் வேண்டும்.

சொல்லைப் பற்றிய இழையாதலால் சொல்லுக்கு வருகிறேன். இந்தப் பொருளில் எஸ்டேட்டுக்கு மலாயில் 'ஹர்த்தா பூசாக்கா' என்கிறார்கள், விசாரணைக்கு 'பிச்சாரா'. 'பிச்சாரா' வடமொழியின் 'விசார' என்பதிலிருந்து போனது. நம் 'விசாரணை' அதன் தங்கை. 'ஹர்த்தா' வடமொழியின் 'அர்த்த' என்பதிலிருந்து போனது. வடமொழியில் அதற்குச் சொல்லின் பொருள் என்றும் கைப்பொருள் என்றும் இரண்டு அர்த்தங்கள் உண்டு. தமிழில் 'பொருள்' என்பதும் அப்படியே. காத்திருக்கும் நாற்காலியில் எனக்கு இது தோன்றியபோது பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். 'அதை அப்புறம் பேசிக்கலாம், அடையாள அட்டைய எடுத்து வெச்சியா?' என்றார்.

அதிகாரி பொறுமையாக இருந்தார். 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி, இறந்தவருக்குப் பெற்றோர் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு என்று விளக்கினார். பிள்ளைகள் மூவரும் எங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பதாகக் கையொப்பமிட்டோம். அதிகாரி மலாயில் வாசித்ததை நான் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தேன். எஸ்டேட் வந்த இடத்தில் என்ன சொல்வது என்று தடுமாறி முதலில் 'சொத்து' என்றேன். சொத்து என்றால் கடன் அதில் அடங்காது. ஆனால் எஸ்டேட்டில் கடனும் உண்டு, அதைத் தீர்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கிட வேண்டும். இலங்கைச் சட்டத் தமிழில் 'ஆதனம்' என்பார்கள். அம்மாவுக்கு அது ஆதீனம் என்று கேட்டிருக்கும். கடைசியில் 'அப்பா விட்டுட்டுப் போனது' என்று சொன்னேன். அம்மா தலையசைத்தார். அகராதி எதிலும் இல்லாத இந்தப் பெயர்ப்பு, எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் சரியானது.

20 ஏப்ரல்

முதல் நாள் நான் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'எந்தத் தோட்டத்தின் உரிமைப் பத்திரத்திலும் அவர் பெயர் இருந்ததில்லை' என்று எழுதியிருந்தேன். எழுத்துக்கு எழுத்து அது உண்மைதான். ஆனால் விசாரணையில் அதிகாரி, வேறு ஏதும் பங்கு, சேமிப்பு, கூட்டுறவு உண்டா என்று கேட்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்த நாங்கள், வீட்டில் அம்மாவின் பழைய பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தோம். செக்ரோல் சீட்டுகள், பிறப்புப் பத்திரங்கள், ஒரு சிவப்பு அடையாள அட்டை ஆகியவற்றின் கீழே, நான்காய் மடித்த ஒரு தாள் இருந்தது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவில் நின்ற அந்தக் காலத்தில், எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தாங்களே தோட்டங்களை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி 1960இல் தொடங்கிய சங்கம் அது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பிறகு தோட்டம் தோட்டமாக வாங்கினார்கள். தந்தையாருக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. நாள் கூலியிலிருந்து பத்து வெள்ளி எடுத்து வைப்பது எத்தனை நாள் சாப்பாட்டைக் குறைத்த காரியம் என்பது அம்மாவுக்குத் தெரியும்; கேட்டேன், 'அப்போ எனக்குக் கல்யாணம் ஆகலே' என்று மட்டும் சொன்னார்.

ஆக, அம்மாவின் கேள்விக்கு விடை உண்டு. அவருக்கு எஸ்டேட் இருந்தது. எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டால் சில நூறு மரமாவது தேறாதா என்று தம்பி மகன் கைப்பேசியில் கணக்குப் போட முயன்றான். அவனை நான் தடுக்கவில்லை. ஆனால் கூட்டுறவில் உன் மரம், என் மரம் என்று பிரிக்க முடியாது என்று சொன்னேன்.

வாசகர் ஒருவர் கேட்கக்கூடும், அவர் அந்தத் தோட்டங்களை 'நம்ம தோட்டம்' என்று எப்போதாவது சொன்னாரா என்று. சொன்னார். ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனி நடத்திய தோட்டத்தையும் அப்படியேதான் சொன்னார். என் மார்ச் 5ஆம் நாள் விதிக்கு இது உதவியா இடைஞ்சலா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

22 ஏப்ரல்

இழையைத் தொடங்கிய வாசகர் எழுதியிருக்கிறார்: எஸ்டேட் என்றால் தோட்டம் என்ற தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லையாம், ஆனால் 'தோட்டம் என்றால் எஸ்டேட்' என்று திருப்பிச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறாராம். சமன்பாட்டில் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் ஒப்புக்கொள்வது எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. ஆயினும் எனக்கு அது போதும்.

6 மே

வங்கி அனுப்பிய இரண்டாம் கடிதம் மூன்று வாரம் தாமதமாக இன்று வந்து சேர்ந்தது. காரணம் உறையிலேயே இருந்தது. யாரோ பழைய கோப்பிலிருந்து முகவரியை எடுத்திருக்கிறார்கள்; தந்தையார் கடைசியாக வேலை செய்த தோட்டத்தின் பெயர் அடியில் இருக்கிறது. மேலே வழக்கம்போல் 'இன்னாரின் எஸ்டேட்'. ஆகவே கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போயிருக்கிறது. (மன்னிக்கவும், எஸ்டேட் ஆபிசுக்கு.) அங்கே இப்போதுள்ள கிராணி, புதியவராக இருக்க வேண்டும், அந்த முதல் வரியை நிலத்தின் பெயராகவே படித்துவிட்டு, உறையின் மூலையில் பென்சிலால் மலாயில் எழுதியிருந்தார்: 'இந்தப் பெயரில் எஸ்டேட் இங்கே இல்லை.'

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, உறையை மட்டும் வாங்கித் தகரத்துக்குள் வைத்துக்கொண்டார்.